பொன்னாவெளிச் சுண்ணாம்புக்கல், வவுனியாக் கருங்கல், எரிமலைக் கல்: வன்னி நிலத்துக்கடியில் எது எங்கே இருக்கிறது?

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரதேசத்தில், பொன்னாவெளியில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழும் திட்டத்துக்கு எதிராக 2023 இலும் 2024 இலும் மக்கள் தொடர்ந்து போராடினார்கள். கல்லை எடுத்தால் கடல்நீர் உள்ளே வரும், கிணறுகள் உவராகும், பயிரும் குடிதண்ணீரும் போய்விடும் என்பது அவர்களுடைய பயம். இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வியும் கூடவே வருகிறது: வவுனியாவிலும் மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் வருஷக்கணக்காகக் கருங்கல் உடைக்கிறார்களே, அங்கே ஒரு கிணறும் உவராகவில்லையே, இங்கே மட்டும் ஏன்?

அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் பாதிதான் சரி. "அது எரிமலைக் கல், இது கடற்கல், இரண்டும் வேறு" என்கிறார்கள். இரண்டும் வேறு என்பது உண்மை. எரிமலைக் கல் என்பது உண்மையில்லை. வன்னித் தரையில் எரிமலை எதுவும் இல்லை. வவுனியாவில் உடைபடும் கல் எந்த எரிமலையிலிருந்தும் வழிந்ததில்லை. ஆனால் வன்னிக்கு மேற்கே, மன்னார்க் கடலுக்கு அடியில், அசல் எரிமலைக் கல் கிடக்கிறது. இந்த மூன்றையும் பிரித்து வைத்தால்தான் பொன்னாவெளிக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியும்.

கல் உண்டாகும் மூன்று வழிகள்

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், சுருக்கமாக:

1. தீப்பாறை. பூமிக்குள் உருகிய குழம்பு ஆறிக் கல்லாவது. ஆழத்திலேயே மெதுவாக ஆறினால் கிரனைட் போன்றவை. எரிமலை வழியாக வெளியே வந்து விரைவாக ஆறினால் பசால்ட் போன்ற எரிமலைப் பாறைகள்.

2. அடையற்பாறை. மணல், களி, சிப்பி, முருகை போன்றவை படையாகப் படிந்து, அமுங்கி, ஒட்டிக் கல்லாவது. மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் இந்த வகை.

3. உருமாறிய பாறை. மேலே சொன்ன இரண்டில் ஒன்று பூமியின் ஆழத்துக்குப் போய், சூட்டிலும் அமுக்கத்திலும் உருகாமலே கனியம் மாறி வேறு கல்லாவது.

வன்னியைப் பற்றிப் பேசும்போது குழப்பம் வருவது இந்த மூன்றாவதை மறப்பதால்தான். கறுப்பாகவும் கடினமாகவும் இருந்தால் எரிமலை, வெள்ளையாகவும் மெதுவாகவும் இருந்தால் கடல் என்று இரண்டே பெட்டியில் போட்டுவிடுகிறோம்.

சுண்ணாம்புக்கல்: கடலடியில் சேர்ந்த கல்

வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தைச் சேர்ந்தது. அதாவது ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை உள்ள காலப்பகுதி. அப்போது இன்றைய யாழ்ப்பாணக் குடாநாடும் வன்னியின் வடக்கு, மேற்கு ஓரங்களும் சூடான, ஆழமில்லாத கடலாக இருந்தன. அந்தக் கடலில் வாழ்ந்த முருகை, சிப்பி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒருகல உயிரிகள் எல்லாம் நீரில் கரைந்திருந்த கல்சியத்தை எடுத்து ஓடும் கூடும் கட்டின. செத்தபின் அவை அடியில் படிந்தன. படை மேல் படை ஏற, கீழ்ப்படை அமுங்கியது. இடுக்குகளில் ஊறிய நீரிலிருந்து கல்சைற்று என்னும் கனியம் வெளிப்பட்டு எல்லாவற்றையும் ஒட்டியது. கல்சைற்று என்பது கல்சியம் காபனேற்றுத்தான். சிப்பியும் அதே பொருளால் ஆனது, ஒட்டியதும் அதே பொருள். சுண்ணாம்புக்கல்லின் எல்லாக் குணமும் இந்த ஒரு பொருளிலிருந்து வருகிறது.

கடல் பின்வாங்கியபோது அந்தப் படை தரையாக மிஞ்சியது. புத்தளத்துக்குத் தெற்கிலிருந்து கரையோரமாக மன்னார், முருங்கன், பூநகரி என்று வந்து, வடக்கே பரந்தனை ஒட்டித் திரும்பி முல்லைத்தீவுப் பக்கம் போகும் ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குக் கடற்பக்கம் சுண்ணாம்புக்கல். உட்பக்கம் பழைய கடும்பாறை. கோடு நிலத்தின் மேல் தெரியாது. மணலும் செம்மண்ணும் களியும் மூடிக்கொண்டிருக்கும். கிணறு வெட்டும்போதுதான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியவரும்.

படிவது இன்னும் நிற்கவில்லை. இரணைமடுப் பக்கத்தில் செம்மணலும் அதற்கு அடியில் கூழாங்கற்படையும் உண்டு. இரணைமடுப் படிவு என்று தொல்லியலாளர்கள் அழைக்கும் அந்தப் படையில் ஆதி மனிதரின் கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. மனிதன் வந்த பிறகு படிந்த படை அது; இன்னும் மண்வெட்டிக்கு இடம்கொடுக்கிறது, கல்லாகவில்லை. அடையற்பாறை பாதி வழியில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல இடம் வன்னியில் இல்லை.

பசால்ட்: எரிமலை வழிந்த கல்

எரிமலைப் பாறைகளில் உலகில் மிக அதிகமாக இருப்பது பசால்ட். கடல்களின் அடித்தளமே பெரும்பாலும் அதுதான். 1,100 முதல் 1,200 பாகை செல்சியஸ் சூட்டில் குழம்பாக வெளியே வரும். நிறையில் ஏறத்தாழப் பாதி சிலிக்கா. மீதியில் இரும்பும் மக்னீசியமும் நிறைய இருப்பதால்தான் அந்தக் கரும்சாம்பல் நிறம்.

வெளியே வந்த குழம்பு காற்றிலோ நீரிலோ வேகமாக ஆறுகிறது. பளிங்குகள் வளர நேரம் கிடைப்பதில்லை. ஒரே பதநீரைப் பாகாக்கிக் குட்டானில் ஊற்றினால் நெருங்கிய, குறுணியான பனங்கட்டி. பானையில் விட்டு வாரக்கணக்கில் பொறுத்திருந்தால் பெரிய பெரிய பனங்கற்கண்டு. பசால்ட்டுக்கும் கிரனைட் வகைக்கும் உள்ள வித்தியாசம் அந்த வகையானது: ஆறிய வேகம்தான் பளிங்கின் அளவைத் தீர்மானிக்கிறது. மிக வேகமாக ஆறினால் பளிங்கே வராமல் கண்ணாடியாகவும் உறையும். குழம்பிலிருந்த வாயு வெளியேறும் வழியில் உறைந்துவிட்டால், கல்லில் சின்னச் சின்னக் குழிகள் நிற்கும்.

பசால்ட்டைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் மகாராஷ்டிரத்துக்குப் போகவேண்டும். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்த டெக்கான் குழம்புப் படைகள் இன்றும் 5 இலட்சம் சதுர கிலோமீற்றர் அளவுக்கு மூடிக் கிடக்கின்றன. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அந்தப் பசால்ட்டில்.

கையில் வைத்துப் பார்த்தால்

ஒரு கல்லைக் கொடுத்து எது என்று கேட்டால், நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். சுண்ணாம்புக்கல் சாம்பலாகவும் மஞ்சளாகவும் இருக்கும். வெயில் மழையில் கிடந்தால் பாசி ஏறிக் கறுத்தும் போகும். கீழே உள்ள சோதனைகளை நம்பலாம்.

1. கத்தி. கல்சைற்றின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் 3. இரும்புக் கத்தி கீறும். பசால்ட்டிலுள்ள கனியங்கள் 6 ஐ ஒட்டி இருப்பதால் கத்தி வழுக்கும். கல்லில் கத்தியின் இரும்புக்கோடுதான் விழும்.

2. தேசிக்காய். கல்லைக் கொஞ்சம் சுரண்டித் தூளாக்கி, அதன் மேல் தேசிக்காய்ப் புளி இரண்டு துளி விடுங்கள். சுண்ணாம்புக்கல் என்றால் மெல்லிசாக நுரைக்கும். அமிலம் பட்டுக் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. பசால்ட்டும் வவுனியாக் கருங்கல்லும் சும்மா கிடக்கும். சுரண்டாமல் முழுக்கல்லில் விட்டால் தேசிக்காய்ப் புளியின் வேகம் போதாது. ஒன்றும் நடக்கவில்லை என்று ஏமாந்துவிடுவீர்கள்.

3. கைவில்லை, அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடி. புதிதாக உடைந்த முகத்தை அதனால் பாருங்கள். சிப்பித் துண்டு, முருகையின் நட்சத்திரக் கண்கள் தெரிந்தால் முடிந்தது கதை, அடையல்தான். பசால்ட்டில் உயிரின் தடயம் இராது. 1,100 பாகைக் குழம்பில் எது மிஞ்சும்? வெறும் நெருங்கிய கருமை, இடையிடையே வாயுக்குழி.

4. பாரம். பசால்ட் நீரைப்போல் 2.8 முதல் 3 மடங்கு பாரம். சுண்ணாம்புக்கல் அதிகம் போனால் 2.7, உள்ளே துளைகள் இருந்தால் இன்னும் குறையும். ஆனால் கருங்கல்லும் 2.7 ஐ ஒட்டியே வருவதால், இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

கடற்கரையில் கிடைக்கும் "மிதக்கும் கல்" பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அசல் மிதக்கும் கல் எரிமலை நுரைக்கல்தான்; வாயுக்குழிகள் நிறைந்திருப்பதால் மிதக்கும். 1883 இல் கிரகத்தோவா வெடித்தபோது அதன் நுரைக்கல் இந்து சமுத்திரத்தைக் கடந்து ஆபிரிக்கக் கரைவரை போனது. ஆக, முல்லைத்தீவுக் கரையில் ஒரு நுரைக்கல் ஒதுங்கினால் அது அலை கொண்டுவந்தது, நம் நிலத்துடையது அல்ல. பல இடங்களில் மிதக்கும் கல் என்று காட்டுவது காய்ந்த முருகை. தேசிக்காய் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியென்றால் வவுனியாக் கருங்கல் எது?

மூன்றாவது பெட்டி. உருமாறிய பாறை.

இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. புவியியலாளர்கள் அவற்றை நான்கு தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள்: உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி, வன்னித் தொகுதி. உலகப் புவியியல் கட்டுரைகளில் வன்னியின் பெயர் அடிக்கடி வருவது இதனால்தான். ஆனால் அந்தத் தொகுதி வன்னியோடு நிற்பதில்லை. மேற்குப் பக்கமாகக் குருணாகலைத் தாண்டியும் தெற்கே போகிறது.

இதன் கதை கொஞ்சம் சிக்கலானது. இந்தப் பாறையில் பெரும்பகுதி முதலில் ஆழத்தில் ஆறிய தீப்பாறையாகத்தான் இருந்தது. வயது 77 கோடியிலிருந்து 110 கோடி ஆண்டுகள்வரை. பிறகு ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது, அது பல கிலோமீற்றர் ஆழத்துக்குள் தள்ளப்பட்டு, சூடேறி, நசுங்கி, நைஸ் என்னும் வரிக்கல்லானது. அதன் பிறகு மேலே இருந்ததெல்லாம் அரிந்து போகப் போக, அடியில் இருந்தது மேலே வந்தது. குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என்று காட்டுக்குள் துருத்தி நிற்கும் பாறைகள் அந்த வகையைச் சேர்ந்தவை.

ஒரு டிப்பர் முக்காலிஞ்சிச் சல்லி பறித்த இடத்தில் குனிந்து ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். கறுப்பு என்று நினைத்த கல்லில் வெள்ளைக் கோடு, சாம்பல் கோடு, கறுப்புக் கோடு என்று வரிவரியாக ஓடும். வெள்ளை குவாட்ஸும் பெல்ட்ஸ்பாரும். கறுப்பு, மைக்காவும் ஹோர்ன்பிளெண்டும். வெயிலில் திருப்பினால் மைக்கா மினுங்கும். பளிங்குகள் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவில் இருக்கின்றன; ஆக மெதுவாக, ஆழத்தில் வளர்ந்தவை. வரி இருப்பதால் நசுங்கியவை. இந்த இரண்டு அடையாளமும் எரிமலைக் கல்லில் வராது.

யாழ்ப்பாணத்து வீதிக்கும் கொங்கிறீற்றுக்கும் ஏ9 வழியாக வன்னிக் கல் போவதற்குக் காரணமும் இதுவே. குவாட்ஸின் கடினம் 7. டயர் உரசலைத் தாங்கும். சுண்ணாம்புக்கல் சல்லி தேய்ந்து வழுக்கத் தொடங்கிவிடும்.

வன்னியின் எரிமலைக் கல் கடலுக்கு அடியில்

கொண்டுவானா உடைந்து இந்தியாவும் இலங்கையும் ஒன்றைவிட்டு ஒன்று இழுபட்டபோது, நடுவில் நிலம் தாழ்ந்து மன்னார்ப் படுகை உண்டானது. அதில் கிலோமீற்றர் கணக்கில் அடையல் நிரம்பியது. நிலம் இழுபட்டு மெலிந்த இடத்தில் கீழே இருந்து குழம்பு ஏறுவதும் இயல்பு. இங்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

எண்ணெய் தேடி 1970களில் மன்னார்த் தீவின் பேசாலையில் துளையிட்டார்கள். வர்த்தக அளவில் ஒன்றும் அகப்படவில்லை. 2011 இல் ஆழ்கடலில் இட்ட டொராடோ, பரக்குடா என்னும் துளைகள் இரண்டிலும் இயற்கை வாயு தென்பட்டது. டொராடோவில் வாயு இருந்தது மணற்கல்லில், அதாவது அடையற்பாறையில். பரக்குடாத் துளை அதோடு பசால்ட் படைகளையும் குத்திக்கொண்டு போனது. டைனோசர்கள் இருந்த கிரெத்தேசியக் காலத்து எரிமலைக் குழம்பு அது.

எண்ணெய் தேடுபவருக்கு இந்த இரண்டு கல்லும் ஒன்றல்ல. மணற்கல்லில் மணல்மணிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, வாயு தங்கும். நெருங்கிய பசால்ட்டில் அந்த இடைவெளி இல்லை. போதாக்குறைக்கு, கடலின் மேலிருந்து அதிர்வலை அனுப்பி அடியிலுள்ள அடுக்குகளைப் படம் பிடிக்கும்போது, பசால்ட் அந்த அலையைச் சிதறடித்து, தனக்குக் கீழே இருப்பதை மங்கலாக்கிவிடும். மன்னார்ப் படுகை பற்றிய செய்திகளில் "எரிமலைப் பாறை" என்று வருவது இதைத்தான். வவுனியாக் குவாரியோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் உண்மையான பிரிவு

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்குகிறது. கடும்பாறையை அது எளிதில் கரைக்காது. சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். முதலில் மயிரிழை வெடிப்பு, பிறகு விரல் நுழையும் துளை, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் போனால் குகையும் வாய்க்காலும். கீரிமலை ஊற்றும் நிலாவரைக் கிணறும் இப்படிக் கரைந்து வந்தவை. கரைந்த கல்சியம் நம் கேத்தலுக்குள் வந்து வெள்ளைப் படையாக ஒட்டுகிறது. கொதிக்கவிடும் ஒவ்வொரு முறையும் காபனீரொட்சைட்டு வெளியேற, கல் திரும்பக் கல்லாகிறது. அந்தப் படையைச் சுரண்டித் தேசிக்காய்ப் புளி விட்டாலும் நுரைக்கும்.

இந்தத் துளைகளால் சுண்ணாம்புக்கல் நிலம் தண்ணீரை உடனே உள்ளே இழுத்து நிறையச் சேமிக்கும். அதே துளைகள் கடலுக்கும் திறந்திருக்கின்றன. கரையோரத்தில் நிலத்தடியில் உப்புநீர் உள்ளே புகுந்து கிடக்கும். மழையால் வந்த நன்னீர் பாரம் குறைவு என்பதால் அதன் மேல் ஒரு வில்லைபோலத் தங்கும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு நன்னீர், எவ்வளவு ஆழத்தில் உப்பு? இதற்கு 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில் நெதர்லாந்தின் கைபன், ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க் இருவரும் தனித்தனியே ஒரே கணக்குக்கு வந்தார்கள். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. வித்தியாசம் 0.025. ஒன்றை 0.025 ஆல் வகுத்தால் 40. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயரம் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும்.

இதைத் திருப்பிப் படித்தால்தான் ஆபத்து தெரியும். நீர்மட்டத்தை அரை மீற்றர் இறக்கிவிட்டால், அடியிலிருந்து உப்பு 20 மீற்றர் ஏற இடம் கிடைக்கிறது. உடனே ஏறாது, வருஷங்கள் ஆகலாம். குகைகள் உள்ள கல்லில் எல்லை கோடுபோல நேராக இராமல் கலங்கிய படையாகவும் இருக்கும். ஆனால் போகும் திசை அதுதான்.

இனிக் கடும்பாறை வன்னி. அங்கே கல்லுக்குள் இடைவெளியே இல்லை. மேலே உக்கிய பாறைப்படை, பெரும்பாலும் பத்து மீற்றர் தடிப்புக்குள்; அதற்குக் கீழே ஆங்காங்கே வெடிப்பு. தண்ணீர் இந்த இரண்டிலும்தான். வெட்டுக்கிணறு இந்த உக்கிய படையில் ஊறும் நீரை நம்பியது. குழாய்க்கிணறு வெடிப்பில் படவேண்டும், படாவிட்டால் காசு போனதுதான். நிலம் தண்ணீரைச் சேமிக்காததால் மேலே சேமித்தார்கள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரைக்குளம் என்று வன்னி முழுக்கக் குளமாகவும், யாழ்ப்பாணம் முழுக்கக் கிணறாகவும் ஆனதற்குப் பாறையே பெரிய காரணம். குளங்களும் சும்மா கிடப்பதில்லை. அவற்றிலிருந்து கசியும் நீர்தான் சுற்றியுள்ள கிணறுகளைக் கோடையில் காப்பாற்றுகிறது. கடும்பாறை நீரில் உப்புக்குப் பதிலாக வேறு தலையிடி: மைக்கா, ஹோர்ன்பிளெண்ட், அப்பரைற்று போன்ற கனியங்களிலிருந்து புளோரைட்டு கரைந்து வரும். லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் கறை தெரியத் தொடங்கும்.

எரிமலைப் பாறையில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டால், இருக்கலாம். டெக்கானில் ஒரு குழம்புப் படைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உள்ள வாயுக்குழிப் பகுதியிலும் வெடிப்பிலும் நீர் ஓடுகிறது. ஆனால் பசால்ட் சுண்ணாம்புக்கல்போல் கரைந்து குகையாவதில்லை.

இரண்டு குழிகளையும் பக்கத்தில் வைத்தால்

இப்போது முதற் கேள்விக்கு வரலாம். வவுனியா நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 100 மீற்றர் மேலே, கரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே கல்லுடைக்கும் குழியால் வரும் தொல்லைகள் வெடி அதிர்வு, சுவர் வெடிப்பு, தூசு, நீரை இறைத்து வெளியே விடும்போது பக்கத்துக் கிணறு வற்றுவது. இவையும் சின்ன விஷயமில்லை. ஆனால் அங்கே கடல் வர வழியில்லை.

கரையோரச் சுண்ணாம்புக்கல் குழியில் கணக்கு வேறு:

1. மேல்மண்ணும் மேற்கல்லும் மழைநீரை வடிகட்டி மெதுவாக இறக்குபவை. அவற்றை எடுத்தால் அழுக்கும் எண்ணெயும் நேரே நிலத்தடி நீருக்குப் போகும்.

2. குழி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் நிலத்தடி நீர் வெயிலுக்குத் திறந்துவிடும். வன்னியின் கோடை வெயிலில் அது ஆவியாகும். பம்பு போட்டு யாரும் இறைக்காமலே நீர்மட்டம் இறங்கும்.

3. குழியை உலர்வாக வைத்திருக்க நீரை இறைத்தால் மேலே சொன்ன 40 மடங்குக் கணக்கு வேலை செய்யத் தொடங்கும்.

4. குழி ஒரு கரைவு வாய்க்காலை வெட்டிவிட்டால், பாதிப்பு எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகும் என்பதை வரைபடத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பூநகரிப் பக்கத்து ஊரான வேரவிலில் வெட்டியது இன்னொரு ஊரான வலைப்பாட்டில் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே, இடையில் சில மீற்றர் கல்லை விட்டு, ஆழமில்லாமல் எடுத்தால் இந்த நான்கில் இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் வராது. கரைவு வாய்க்காலில் மாட்டும் வாய்ப்பும் குறையும். ஆகவே "சுண்ணாம்புக்கல்லைத் தொட்டாலே கடல் வரும்" என்பதும் மிகை. "கல்லுத்தானே" என்பதும் அறியாமை. என் பார்வையில் இரண்டாவதுதான் அதிக ஆபத்தானது. மிகையாகப் பயந்தவர் பிறகு மனதை மாற்றிக்கொள்ளலாம். உவரான கிணற்றை அப்படி மாற்ற முடியாது.

சீமெந்துக்கு ஏன் இந்தக் கல்லேதான் வேண்டும்?

கல்சியம் காபனேற்றை 900 பாகை அளவில் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு பிரிந்து போய்ச் சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிலோ சுத்தமான கல்லிலிருந்து 56 கிலோ சுண்ணாம்பு. 44 கிலோ வாயுவாகப் போய்விடும். அந்தச் சுண்ணாம்பு களியோடு சேர்ந்து 1,450 பாகை உலையில் வெந்து சீமெந்துக் கட்டியாகிறது. பசால்ட்டில் சுண்ணாம்புச் சத்து பத்துச் சதவீதத்தை ஒட்டித்தான் உண்டு, கருங்கல்லில் அதிலும் குறைவு. எனவே எவ்வளவு கல் மலையாகக் கிடந்தாலும் சீமெந்து ஆலை கடற்கரையைத்தான் தேடி வரும். காங்கேசன்துறை ஆலை 1950 இல் தொடங்கியதும், புத்தளம் ஆலை அருவாக்காட்டில் கல் எடுப்பதும், இப்போது பூநகரி பேச்சில் அடிபடுவதும் ஒரே காரணத்தால். காங்கேசன்துறை ஆலை 1990 இல் போரோடு நின்றுபோனாலும், கல் எடுத்த குழிகள் அப்படியே இருக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், சுண்ணாம்புக்கல் உலையில் விடும் வாயுவைப் பசால்ட் விழுங்கக்கூடியது. ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் காபனீரொட்சைட்டை நீரில் கரைத்துப் பசால்ட்டுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பசால்ட்டின் கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி காபனேற்றுக் கனியமாக, அதாவது திரும்பக் கல்லாக, உறைந்தது. மன்னார்க் கடலடியில் உள்ள பசால்ட்டில் யாராவது இதை முயலலாம் என்று யோசனை வந்தாலும் ஆச்சரியப்படவேண்டாம். செலவுதான் கண்ணைக் கட்டும்.

அறிக்கையில் தேடவேண்டிய எண்கள்

ஒரு சுண்ணாம்புக்கல் அகழ்வுத் திட்டத்துக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வரும்போது, நூற்றுக்கணக்கான பக்கத்தையும் எல்லோராலும் படிக்க முடியாது. மேலே சொன்னதை வைத்துச் சில எண்களை மட்டும் தேடிப் பிடிக்கலாம்.

1. குழியின் அடித்தளம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் மேலே அல்லது கீழே? "தரையிலிருந்து இத்தனை மீற்றர் ஆழம்" என்ற எண் மட்டும் இருந்தால் அது போதாது.

2. அவதானிப்புக் கிணறுகளில் உப்பு வெவ்வேறு ஆழத்தில் அளக்கப்பட்டதா, மேல்நீரில் மட்டும் அளக்கப்பட்டதா? மேல்நீர் எப்போதும் நல்ல பெயர்தான் எடுக்கும்.

3. கரைவுக் குகைகளைக் கண்டுபிடிக்க மின்தடை அளவை (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அடியில் இருப்பதை அறிவது) போன்ற ஏதாவது செய்தார்களா?

4. நீர்மட்டம் எந்த மாதத்தில் அளக்கப்பட்டது? மாரி முடிந்த தை மாதத்தில் நன்னீர் வில்லை கொழுத்து நிற்கும். ஆவணிக் கடைசியில், தோட்டங்களுக்கு இறைத்து முடிந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும் நேரத்தில் அளந்த எண்ணே கணக்குக்கு உதவும்.